துண்டுக்குள் விலை

எனக்கு எட்டு வயதிருக்கும்போது தாத்தா என்னை மணப்பாறை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஒரு ஜோடி காளையை விற்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த மனிதர், சந்தைக்குள் கால் வைத்ததும் ஊமையாகிவிட்டார். தரகர் ஒருவர் வந்தார். காளைகளின் பல்லைப் பார்த்தார், முதுகில் ஒரு தட்டு தட்டினார், தோளில் கிடந்த துண்டை உருவித் தன் கைமேலும் தாத்தாவின் கைமேலும் போட்டார். உள்ளே ஏதோ நடந்தது. தாத்தா மாட்டேன் என்று தலையாட்டினார். தரகர் சிரித்தார். மறுபடியும் துண்டு அசைந்தது. சுற்றி இருபது பேர் நின்றிருந்தோம், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. கால் மணி நேரத்தில் காளைகளின் கயிறு வேறொருவர் கையில் இருந்தது. "எவ்வளவு தாத்தா?" என்று கேட்டேன். "வீட்டுக்கு வா, சொல்றேன்" என்றார். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை.

எத்தனை விரலைப் பிடித்தால் எவ்வளவு என்கிற கணக்கு சந்தைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். பாஷையில் ரகசியம் கிடையாது. இன்றைக்கு, இந்த மாட்டுக்கு, இவர்கள் இரண்டு பேரும் பேசியது மட்டும்தான் ரகசியம்.

உணவு வியாபாரத்தைப் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் அந்தத் துண்டைத் தேடுகிறேன். என் அலமாரியில் இந்த வகையில் இரண்டு தட்டு சேர்ந்துவிட்டது. "சமையல் புத்தகம் ஒண்ணுகூட இல்ல, ஆனா எல்லாம் சாப்பாட்டைப் பத்தி" என்று மனைவி கிண்டல் செய்வாள். உண்மைதான். காட்டில் விளைவதைப் பற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர். இலையில் விழுவதைப் பற்றி எழுதுபவர்கள் அதைவிட அதிகம். இரண்டுக்கும் நடுவில் லாரியும் சாக்கும் தராசும் தொலைபேசியும் இருக்கிற இடம் ஒன்று உண்டே, அங்கே போய் உட்கார்ந்து எழுதுபவர்கள் குறைவு. நான் வளர்ந்தது அந்த நடு இடத்தில்.

அப்பா ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி கமிஷன் மண்டியில் கணக்கெழுதினார். மண்டியின் பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குவாளியில் காபி கொண்டுபோவது என் வேலை. மதியத்துக்குமேல் டெம்போவிலும் மாட்டு வண்டியிலும் சரக்கு வந்து இறங்கும். இருட்டுவதற்குள் ஏலம் முடியும். ராத்திரி லாரிகள் கேரளாவுக்குக் கிளம்பும். அழுகின முட்டைக்கோஸ் இலையும் நசுங்கின தக்காளியும் மிதிபட்டு ஒரு புளித்த வாடை எப்போதும் இருக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாடை வந்தால் எனக்குப் பசிக்கிறது. விசித்திரமான உடம்பு.

அப்பா விவசாயிக்குக் கொடுக்கிற சீட்டுக்குப் பட்டி என்று பெயர். அதில் ஒன்று இப்போதும் என்னிடம் இருக்கிறது. 1994 மார்ச். தக்காளி 32 பெட்டி, பெட்டிக்குப் பதினாலு கிலோ. விலை பெட்டிக்கு 40 ரூபாய். மொத்தம் 1,280. கழிவு: கமிஷன் 128, டெம்போ வாடகை 160, இறக்குக்கூலி 32. மீதி 960. அதில் மருந்துக்கு வாங்கின முன்பணம் 600 கழித்து, கையில் 360. சரக்குக் கொண்டுவந்த விவசாயி பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பறிச்ச பொம்பளையாளுங்க நாலு பேருக்குக் கூலி குடுக்கணும் கணக்கப்பிள்ளை" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த விவசாயி பட்டியை மேஜைமேலேயே வைத்துவிட்டு, பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அதனால்தான் அது என்னிடம் வந்தது.

என் அலமாரிக்கு முதலில் வந்த புத்தகம் காபியைப் பற்றியது. டச்சுக்காரர் எடுவார்ட் டௌவஸ் டெக்கர், முல்தாதுலி என்ற புனைபெயரில் 1860இல் வெளியிட்ட 'மாக்ஸ் ஹாவெலார்'. முல்தாதுலி என்றால் லத்தீனில் 'நான் நிறையப் பட்டுவிட்டேன்' என்று பொருள். அன்றைக்கு டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் லெபாக் என்னும் பகுதியில் உதவி அதிகாரியாக இருந்தவர் அவர். மக்களைக் கசக்கிப் பிழிந்த உள்ளூர்த் தலைவர்மேல் நடவடிக்கை வேண்டும் என்று மேலே எழுதினார். மேலிடம் கண்டுகொள்ளவில்லை. 1856இல் வேலையை விட்டுவிட்டு வந்தார். நாவலின் துணைத் தலைப்பு 'டச்சு வணிகக் கழகத்தின் காபி ஏலங்கள்'. இதை நம்பி வியாபாரப் புத்தகம் என்று வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

ஏனென்றால் கதையைத் தொடங்குபவரே ஒரு காபித் தரகர்தான். நான் காபித் தரகன், ஆம்ஸ்டர்டாமில் லௌரியர் கால்வாய்க்கரையில் 37ஆம் எண்ணில் இருக்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். கவிதை பிடிக்காது, கதை பிடிக்காது, உண்மையும் ஒழுங்கும்தான் முக்கியம் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார். மண்டி முதலாளிகளை நேரில் பார்த்திராத ஒருவரால் இந்தப் பாத்திரத்தைப் படைத்திருக்க முடியாது. அவர் கைக்கு ஒரு கட்டுக் காகிதம் வந்து சேர்கிறது. காபி வியாபாரத்துக்கு உதவும் விவரம் கிடைக்கும் என்று புரட்டுகிறார். உள்ளே ஜாவா இருக்கிறது. 1830இல் தொடங்கிய கட்டாய சாகுபடி முறையில் குடியானவன் தன் நிலத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கை அரசுக்கான ஏற்றுமதிப் பயிருக்குக் கொடுக்க வேண்டும். விலையை அரசு சொல்லும். அந்தப் பணம் கப்பலேறி நெதர்லாந்தின் கஜானாவுக்குப் போனது.

அதற்குள் ஒரு குட்டிக் கதை வருகிறது. சைஜா என்ற பையனின் வீட்டு எருமையைத் தலைவர் பிடுங்கிக்கொள்கிறார். பையனின் அப்பா பரம்பரைக் குத்துவாளை விற்று இன்னொரு எருமை வாங்குகிறார். அதுவும் போகிறது. கொசுவலையின் வெள்ளிக் கொக்கிகளை விற்று மூன்றாவது. அதுவும் போகிறது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தாத்தாவின் காளைகள் ஞாபகம் வந்தன. அவரை விலையாவது கேட்டார்கள், துண்டுக்குள்ளேயாவது.

பின்னால் ஒரு வேடிக்கை நடந்தது. 1988இல் மெக்சிகோ விவசாயிகளின் காபியை நியாய விலைக்கு வாங்கி விற்க நெதர்லாந்தில் ஒரு முத்திரை கொண்டுவந்தார்கள். அதற்கு மாக்ஸ் ஹாவெலார் என்றே பெயர் வைத்தார்கள். காபித் தரகர் சொல்லத் தொடங்கிய கதை, 128 வருஷம் கழித்துக் காபிப் பொட்டலத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவதாக நான் திரும்பத் திரும்ப எடுப்பது டான் மார்கன் என்ற வாஷிங்டன் போஸ்ட் நிருபர் 1979இல் எழுதிய 'மெர்ச்சன்ட்ஸ் ஆஃப் கிரெய்ன்'. உலகத்தின் தானிய வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த ஐந்து நிறுவனங்களைப் பற்றியது: கார்கில், கான்டினென்டல், லூயி ட்ரைஃபஸ், புங்கே, ஆந்த்ரே. ஐந்தும் சில குடும்பங்களின் கைக்குள் இருந்தவை. அத்தனை பெரிய வியாபாரம் செய்தும் சாதாரண மனிதர்கள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ரொட்டி தின்கிற எல்லோரும் அவர்களுடைய வாடிக்கையாளர்கள், ஆனால் ஒருத்தருக்கும் அது தெரியாது.

அதில் 1972ஆம் வருஷக் கோடையைச் சொல்கிற பகுதி மண்டிக்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. சோவியத் ஒன்றியத்தில் அந்த வருஷம் விளைச்சல் படுத்துவிட்டது. அவர்களுடைய தானியக் கொள்முதல் நிறுவனத்து ஆட்கள் அமெரிக்காவுக்கு வந்து இறங்கினார்கள். கூட்டம் போடவில்லை, அறிக்கை விடவில்லை. ஒவ்வொரு கம்பெனியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஒருவரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் பெரிய பேரம் தனக்குத்தான் மாட்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது அந்த வருஷத்து அமெரிக்கக் கோதுமையில் ஏறத்தாழக் கால்வாசி விற்றுப்போயிருந்தது.

மணப்பாறையில் நான் பார்த்த அதே துண்டு. கொஞ்சம் பெரிய துண்டு, அவ்வளவுதான்.

இதில் அடிபட்டவர்கள் யார் என்று பார்த்தால் மனசு கசக்கிறது. அமெரிக்காவில் கோதுமை அறுவடை தெற்கிலிருந்து வடக்கே போகும். டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் முதலில் அறுப்பார்கள். அந்த விவசாயிகளில் பலர் ரஷ்யப் பேரம் வெளியே கசிவதற்கு முன்பே பழைய மலிவு விலைக்கு விற்றுவிட்டார்கள். அவர்களிடம் வாங்கிய சரக்கு எங்கே போகப்போகிறது என்பது வாங்கியவருக்குத் தெரியும், விற்றவருக்குத் தெரியாது. இதற்குமேல் ஒரு கூத்து: ஏற்றுமதி விலையைத் தாழ்த்தி வைக்க அமெரிக்க அரசு கம்பெனிகளுக்கு மானியமும் கொடுத்துக்கொண்டிருந்தது. வரி கட்டுகிறவன் காசைப் போட்டு ரஷ்யாக்காரனுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் அதே வரி கட்டுகிறவன் ரொட்டிக்கும் கறிக்கும் அதிக விலை கொடுத்தான். பத்திரிகைகள் இதைப் 'பெரும் தானியக் கொள்ளை' என்றன. நாடாளுமன்றம் விசாரித்தது. 1973இல் வந்த சட்டம், பெரிய ஏற்றுமதி விற்பனைகளை அரசிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்றது. சரக்கையும் தடுக்கவில்லை, லாபத்தையும் தடுக்கவில்லை. துண்டை மட்டும் எடுக்கச் சொன்னார்கள்.

இந்தக் கதையை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். எண்பது வயது. கண் மங்கல், காது கூர்மை. முழுசாகக் கேட்டுவிட்டு, "ரஷ்யாக்காரன் ரொக்கமா குடுத்தானா, கடனா?" என்றார். கடன் ஏற்பாட்டையும் அமெரிக்காவே செய்துகொடுத்தது என்றேன். "அப்ப அவன்தான் வியாபாரி" என்றார்.

வியாபாரப் புத்தகம் என்றால் பெரும்பாலும் விமான நிலையக் கடைகளில் அடுக்கியிருக்கிற வெற்றிக் கதைகளைத்தான் சொல்கிறார்கள். அவற்றை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: மெக்டொனால்ட்ஸை உலகம் முழுக்கக் கொண்டுபோன ரே க்ராக் 1977இல் எழுதிய சுயசரிதை. மில்க் ஷேக் கலக்கும் எந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர், 1954இல் தன் 52ஆம் வயதில் கலிஃபோர்னியாவில் இரண்டு சகோதரர்கள் நடத்திய கடையைப் பார்க்கிறார். 1961இல் அவர்களிடமிருந்து 27 லட்சம் டாலருக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார். உருளைக்கிழங்கு வறுவல் செய்வதை ஏதோ நித்திய பூஜைபோல வருணிக்கிறார். ஆனால் கம்பெனியை நிமிர்த்தியது வறுவல் இல்லை, கடை நிற்கிற மனையின் வாடகை. நடத்துகிறவர்களுக்கே மனையை வாடகைக்கு விட்ட யோசனை அவருடைய கூட்டாளி ஒருவருடையது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், டீயில் என்ன நிற்கிறது, கடை வாடகையில் என்ன போகிறது என்று. புத்தகமே எழுதத் தேவையில்லை.

அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' பற்றியும் இரண்டு வார்த்தை. 1904இல் சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் ஏழு வாரம் சுற்றிவிட்டு, அங்கே வேலை செய்த லித்துவேனியத் தொழிலாளியின் கதையாக எழுதினார். 1906இல் புத்தகமாக வந்தது. அதே வருஷம் ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவுச் சட்டமும் கையெழுத்தாகின. மக்களின் நெஞ்சைக் குறிபார்த்தேன், தவறிப்போய் வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே பின்னால் நொந்துகொண்டார். தொழிலாளியின் கூலியைப் பற்றி ஒருவரும் பதறவில்லை. டப்பாவுக்குள் எலி விழுந்திருக்குமோ என்றுதான் பதறினார்கள். இந்தப் பதற்றம் இன்றைக்கும் மாறவில்லை. தக்காளியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்கிறோம். மருந்துக்கு யாரிடம் முன்பணம் வாங்கினார்கள் என்று கேட்பதில்லை.

முன்பணம் என்று வந்ததும் தமிழில் ஒரு புத்தகத்தைத் தாண்டிப்போக முடியாது. பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' நாவலை எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார். பாலாவின் 'பரதேசி' படம் இதிலிருந்து கிளைத்ததுதான். படத்தைவிடப் புத்தகம் அமைதியானது, அதனாலேயே அதிகம் வலிக்கிறது. 1920களில் திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் பேச்சை நம்பி வால்பாறை மலை ஏறுகிறார்கள். கையில் கொடுத்த முன்பணம் அவர்கள் கழுத்தில் ஏறிக்கொள்கிறது. அரிசிக்கு, கம்பளிக்கு என்று ஒவ்வொன்றும் கழிவு. ஒரு வருஷம் கொழுந்து பறித்து முடித்தபின் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிச்சம்.

அந்தக் கணக்குப் பார்க்கும் இடத்தை நான் ஒரு தடவைக்குமேல் படித்ததில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கழிவுகளை வாசிக்கிற ஆளின் முகம் எனக்கு அப்பாவின் முகமாகத் தெரிந்தது. அவர் கங்காணி அல்ல, கெட்டவரும் அல்ல. ஆனால் மேஜைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதில் சந்தேகமில்லை.

இலங்கைத் தோட்டங்களில் துண்டு என்றால் தோளில் போடுவது அல்ல, ஒரு சீட்டு. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத் துரை எழுதிக்கொடுப்பது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களைக் கூட்டிப்போவார். கடன் குறையாது, ஆள் மட்டும் மாறிப்போவார். 1921இல் அங்கே இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒரே சொல், ஒன்று விலையை மறைக்க, இன்னொன்று மனிதர்மேல் விலையை எழுத. அகராதியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

துண்டை எடுத்துப் போட்டவர்களின் கதை ஒன்றாவது வேண்டுமே என்றுதான் அமுல் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியனின் நினைவுகளைப் படித்தேன். 2005இல் ஆங்கிலத்தில் வந்தது. கோழிக்கோட்டில் பிறந்து, சென்னையில் லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். அரசு உதவித்தொகைக்கான ஒப்பந்தத்தைக் கழிக்க வேண்டுமே என்று 1949 மே 13 அன்று குஜராத்தின் ஆனந்தில் வேண்டாவெறுப்பாக இறங்கியவர். பால் குடிக்கப் பிடிக்காது என்று வெளிப்படையாகவே சொன்னவர். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

ஆனால் அங்கே கதை அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. கேடா மாவட்டத்துப் பாலைப் பம்பாய்க்கு அனுப்பும் உரிமையைப் பால்சன் நிறுவனம் வைத்திருந்தது. விவசாயிக்குக் கொடுத்த விலை ஒன்று, பம்பாயில் விற்ற விலை ஒன்று. 1946இல் விவசாயிகள் பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பால் கொடுக்காமல் நிறுத்தினார்கள். அந்த டிசம்பர் 14 அன்று திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதும், குரியனின் நண்பர் தலாயா செய்து காட்டியதும், 1955இல் நேரு ஆலையைத் திறந்ததும் எல்லோரும் சொல்கிற கதை. நான் அடிக்கோடு போட்டது வேறு இடத்தில். காலையும் மாலையும் சங்கத்தில் எல்லோர் கண்முன்னும் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்பக் காசு கொடுக்கும் ஏற்பாடு. சாதி பார்க்காமல் வரிசையில் நின்று ஊற்ற வேண்டும். விலை எல்லோருக்கும் தெரியும். இந்தப் பால் கூட்டுறவின் கதையை வைத்து ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படத்துக்கு 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள் என்பது இந்தப் பின்னணியில்தான் புரிகிறது. விலை தெரிந்தவனுக்குத்தான் தன் படத்துக்குக் காசு போடத் தோன்றும்.

இதைப் பெருமையாக என் சித்தியிடம் சொன்னேன். அவர் இரண்டு கறவை மாடு வைத்து ஊரில் பால் ஊற்றுகிறவர். "அதெல்லாம் சரிடா தம்பி, இப்ப மெசின் வந்துருச்சு. பாலை ஒரு சொட்டு உறிஞ்சும், நம்பர் காட்டும். நேத்து நாலு, இன்னைக்கு மூணே முக்கா. அதே மாடு, அதே தீவனம், அதே கை. யாரைக் கேக்கறது? மெசினைக் கேக்க முடியுமா?" என்றார். பாலின் கொழுப்பு நாளுக்கு நாள் மாறும் என்று விளக்கப் பார்த்தேன். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ பால் கறந்திருக்கியா?" என்று கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து அப்பாவின் பழைய நோட்டுகளை இறக்கினேன். கரையான் பாதி தின்றது போக ஏழு நோட்டு மிச்சம். ஒவ்வொரு பக்கமும் சிவப்புக் கோடு போட்டு, நீல மசியில் முத்து முத்தாக எழுத்து. பெயர், ஊர், சரக்கு, பெட்டி, விலை, கழிவு, நிகரம். ஒரு அடித்தல்கூட இல்லை. சின்ன வயதில் இவற்றைப் புரட்டியிருக்கிறேன். அப்போதே ஒன்று புரியாமல் இருந்தது. ஒவ்வொரு நோட்டிலும் கடைசிப் பக்கங்களில், தலைகீழாகத் திருப்பி, பென்சிலில் வெறும் தேதியும் எண்ணும். பெயர் இல்லை, சரக்கு இல்லை. 12ஆம் தேதி 70. 13ஆம் தேதி 76. 14ஆம் தேதி 81.

மண்டியில் கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு தடவை அடிக்கும். முதலாளி எடுப்பார், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார், அப்பா பக்கம் திரும்பி ஒரு எண் சொல்வார். அப்பா நோட்டைத் தலைகீழாகத் திருப்புவார். அதற்குப் பிறகுதான் ஏலம் ஆரம்பிக்கும். இத்தனை வருஷம் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

பழைய பட்டியை எடுத்துவந்து தேதியைப் பார்த்தேன். 1994 மார்ச் 17. நோட்டைத் திருப்பிப் பென்சில் பக்கத்தில் அதே தேதியைத் தேடினேன். எதிரே 85 என்று இருந்தது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, இது கேரளா வெலையா?" என்று எண்ணை வாசித்தேன். ஆமாம் என்று தலையாட்டினார். "அன்னைக்கு இங்க நாப்பது ரூவாய்க்குப் போட்டிருக்கு. இந்த எண்பத்தஞ்சை சரக்குக் கொண்டுவந்தவங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பென்சில்ல எழுதினதுடா" என்றார். பிறகு, காபி ஆறிப்போச்சு, சுட வைத்துக் கொண்டுவரச் சொல் என்றார்.